மேடைக்கு எதிரே ஒரு நாற்காலி

போன இதழில் ஒரு பதிலின் நடுவே, நண்பர்கள் நாலு பேராகச் சேர்ந்து சென்னைக்குப் போய் பாடகி சித்ராவின் கச்சேரி கேட்டு வந்ததைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அந்த நாலு வரிக்குத்தான் இந்த முறை கடிதங்கள் குவிந்திருக்கின்றன. அதனால் இந்த இதழ் முழுக்கக் கச்சேரிதான்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் 1984 முதல் 2006 வரை திருச்சியில் ஒரு மெல்லிசைக் குழுவில் தபேலாவும் டோலக்கும் வாசித்தவன். கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு, பொங்கல் விழா என்று சுற்றுவட்டாரத்தில் நாங்கள் மேடையேறாத ஊர் குறைவு. 22 வருடமும் பாடுகிறவர்களை முதுகுப் பக்கத்திலிருந்துதான் பார்த்தேன். எதிரே உட்கார்ந்து கேட்கும் பாக்கியம் இப்போதுதான் கிடைத்திருக்கிறது.

கே: நாங்கள் கல்லூரித் தோழிகள் ஐந்து பேர். 12 வருடம் கழித்து ஒன்றுசேரப் போகிறோம். எல்லோருக்கும் பிடித்த சித்ரா அம்மாவின் கச்சேரிக்குப் போவதாக முடிவு. டிக்கெட் ஐந்தாறு விலையில் இருக்கிறது. கையைக் கடித்தாலும் பரவாயில்லை என்று முன்வரிசையே வாங்கிவிடலாமா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

ப: அவசரப்பட வேண்டாம் அம்மா. எதற்காகப் போகிறீர்கள் என்று ஐந்து பேரும் முதலில் பேசிக்கொள்ளுங்கள். முகம் பார்க்கவா, பாட்டுக் கேட்கவா? பெரிய கச்சேரியில் இரண்டுக்கும் ஒரே நாற்காலி கிடைப்பது அபூர்வம்.

பெரிய மேடையில் முக்கியமான ஸ்பீக்கர் பாக்ஸ்களை இரண்டு ஓரத்திலும் உயரத்தில் தொங்கவிட்டிருப்பார்கள். அவை குறிவைப்பது அரங்கின் நடுப்பகுதியை. முன்வரிசையின் தலைக்கு மேலே அந்தச் சத்தம் தாண்டிப் போய்விடும். முன்னால் இருப்பவர்களுக்கு மேடையிலிருந்து நேராக வரும் டிரம்ஸ், கீழே தரையில் வைத்திருக்கும் பேஸ் பாக்ஸின் அதிர்வு, பாடுகிறவர் தன் குரலைக் கேட்பதற்காக வைத்த மானிட்டர் பாக்ஸின் சத்தம் எல்லாம் கலந்து கேட்கும். நெஞ்சு அதிரும், ஆனால் பாட்டின் வரி தெளியாது. இதைச் சரிக்கட்ட மேடை விளிம்பில் சின்ன பாக்ஸ்கள் வைப்பதுண்டு. எல்லா இடத்திலும் வைப்பார்கள் என்று நம்ப முடியாது.

அரங்கத்தின் நடுவே, கொஞ்சம் பின்தள்ளி, சத்தத்தை ஏற்றி இறக்கும் மிக்ஸர் வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார் பாருங்கள். அவர் காதுக்கு எது இதமாக இருக்கிறதோ அதைத்தான் எல்லோருக்கும் அனுப்புகிறார். அவருக்கு முன்னால் நாலைந்து வரிசைக்குள் இடம் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். பெரும்பாலும் அது நடு விலை டிக்கெட்டாகத்தான் இருக்கும். எங்கள் நாலு பேரில் ஒருவர் 30 வருடம் மைக் செட் போட்டவர். அவர் எங்களை அங்கேதான் உட்காரவைத்தார். வயலின் பின்னால் மெல்லிசாக வருகிற இடங்கள்கூட அப்படியே கேட்டன.

திறந்தவெளி மைதானம் என்றால் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். 100 மீட்டர் பின்னால் இருக்கும் உங்களுக்குச் சத்தம் கிட்டத்தட்ட ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு தாமதமாக வந்துசேரும். திரையில் அவர் வாய் மூடியபின் சொல் முடியும். நல்ல ஏற்பாட்டாளர்கள் மைதானத்தின் நடுவில் இன்னொரு வரிசை பாக்ஸ் நிறுத்தி, அதே அளவு தாமதம் கொடுத்து இரண்டையும் ஒன்றாகச் சேர்ப்பார்கள். அது சேராவிட்டால் ஒவ்வொரு சொல்லும் இரண்டு தடவை கேட்கும். அதனால் வெட்டவெளியில் கடைசிப் பகுதி டிக்கெட்டுக்கு நான் சம்மதிக்க மாட்டேன். மூடிய சின்ன அரங்கு என்றால் எங்கே உட்கார்ந்தாலும் சரிதான்.

அப்புறம் ஒன்று. ஐந்து இருக்கையும் ஒரே வரிசையில் இருக்க வேண்டும். 12 வருடம் கழித்துப் பார்க்கிறவர்கள் இரண்டும் மூன்றுமாகப் பிரிந்து உட்காரக் கூடாது. விலை குறைந்த இடத்தில் ஐந்தும் சேர்ந்து கிடைத்தால் அதை வாங்குங்கள். அன்று மத்தியானமே சந்தித்துவிடுங்கள். சேர்ந்து சாப்பிட்டு, பிள்ளைகள் கதை, மாமியார் கதை, வேலைக் கதை எல்லாவற்றையும் பேசித் தீர்த்துவிட்டு அரங்குக்குள் நுழையுங்கள். பேச்சு பாக்கி இருந்தால் அது பாட்டுக்கு நடுவில் வந்து நிற்கும்.

கே: எனக்கு உயிரான பாடகியின் கச்சேரிக்கு நண்பர்களை நான்தான் வற்புறுத்திக் கூட்டிப் போனேன். ரெக்கார்டில் கேட்டது மாதிரி இல்லை. சுருதியைக் குறைத்துப் பாடினார். இரண்டு மூன்று இடத்தில் மூச்சு வாங்கினார். நண்பர்கள் கேலி செய்தார்கள். சண்டை போட்டுக்கொண்டு தனியாக பஸ் ஏறி வந்துவிட்டேன். யார் பக்கம் நியாயம்?
– ஒரு வாசகர், கரூர்

ப: தம்பி, இந்தக் கடிதத்தை நான் மூன்று முறை படித்தேன். சண்டையை விடுங்கள், அது சரியாகிவிடும். உங்கள் மனத்திலும் அந்த ஏமாற்றம் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது என்று தோன்றுகிறது. அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ரெக்கார்டு என்பது பல தடவை பாடியதில் பொறுக்கியெடுத்த ஒன்று. எண்பதுகளில் மொத்த வாத்தியக்காரர்களும் ஸ்டூடியோவில் ஒன்றாக உட்கார்ந்து வாசிப்பார்கள். ஒருவர் தப்பினாலும் திரும்ப முதலிலிருந்து எடுப்பார்கள். கம்ப்யூட்டர் வந்தபின் பல்லவியைத் தனியாக, சரணத்தைத் தனியாக, தேவைப்பட்டால் ஒரே ஒரு வரியை மட்டும் தனியாகப் பாடிச் சேர்க்க முடிகிறது. மேடையில் அந்த வசதி ஏது? இரண்டரை மணி நேரம், இருபதுக்கு மேல் பாட்டு. நின்றுகொண்டு, கூட்டத்தின் இரைச்சலுக்கு நடுவே, ஒரே தடவைதான்.

சுருதி குறைப்பதைப் பற்றி. வயதாக ஆகக் குரல் எட்டும் உயரம் பெரும்பாலும் கொஞ்சம் குறையும். 22 வயதில் பாடிய பாட்டை 60 வயதில் அரைக்கட்டையோ ஒரு கட்டையோ (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு) குறைத்துப் பாடுவது குரலை அறிந்தவர் செய்கிற காரியம். பழைய உயரத்தையே பிடிப்பேன் என்று கத்துகிறவரின் பாட்டில் சுருதி இருக்கும், உணர்ச்சி இருக்காது. எங்கள் குழுவில் நாங்களும் அப்படித்தான் செய்தோம். இரவு 8 மணிக்கு ஆரம்பித்து நள்ளிரவு தாண்டும் கோயில் கச்சேரிகளில், கடைசிப் பாட்டுகளை அரைக்கட்டை இறக்கிக் கொடுங்கள் என்று கீபோர்டுகாரரிடம் பாடுகிறவர்களே கேட்பார்கள்.

மூச்சைப் பற்றி ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். எங்கள் குழுவில் சித்ரா பாட்டுகளைப் பாடுவதற்கென்றே ஒரு பெண் இருந்தார். என்னை அண்ணன் என்று கூப்பிடுவார், நானும் தங்கச்சி என்றே சொல்லிப் பழகிவிட்டேன். சித்ரா 1963-இல் திருவனந்தபுரத்தில் பிறந்தவர். தங்கச்சி அவரைவிட மூன்று வயது இளையவர். 1985-இல் ‘பூவே பூச்சூடவா’ படத்தில் சித்ரா பாடிய பாட்டிலிருந்து அவருக்குச் ‘சின்னக்குயில்’ என்ற பெயர் வந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதே வருடம் ‘சிந்து பைரவி’யும் வந்தது. அதில் வரும் ‘பாடறியேன் படிப்பறியேன்’ பாட்டுக்குத்தான் சித்ராவுக்கு முதல் தேசிய விருது. கிராமத்து மெட்டாக ஆரம்பித்து, தியாகராஜரின் ‘மரி மரி நின்னே’ கீர்த்தனையில் போய் முடிகிற பாட்டு அது. தியாகராஜர் அந்தக் கீர்த்தனையைக் காம்போதி ராகத்தில் செய்திருக்கிறார். இளையராஜா அதைச் சாரமதிக்கு மாற்றி, நாட்டுப்பாட்டும் கீர்த்தனையும் ஒரே ராகத்தில் கைகோக்கும்படி செய்துவிட்டார்.

ஊர் ஊராக அந்தப் பாட்டைத்தான் கேட்பார்கள். துண்டுச் சீட்டு மேடைக்கு வரும். தங்கச்சி முகம் வெளிறிவிடும். கேசட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டு, நாடா தேயும்வரை கேட்டுப் பாடம் செய்தவர் அவர். ஆனாலும் அந்தக் கீர்த்தனைப் பகுதியில் ஓர் இடத்தில் அவருக்கு மூச்சு நிற்காது. கேசட்டில் சித்ரா எங்கே மூச்சு எடுக்கிறார் என்பதே தெரியாது. ‘அவங்க எடுக்கவே இல்லண்ணே, எனக்குத்தான் வரல’ என்பார். ஒவ்வொரு மேடையிலும் அந்த இடம் வரும்போது நான் தபேலாவில் ஒரு சின்ன உருட்டுக் கொடுப்பேன். அந்த உருட்டின் மறைவில் அவர் மூச்சு எடுத்துக்கொள்வார். 20 வருடம் இப்படியே ஓடியது. கேட்டவர்கள் யாருக்கும் தெரியாது. எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

சென்னைக் கச்சேரியில் தங்கச்சி எனக்கு இடது பக்கம் உட்கார்ந்திருந்தார். மேடையில் சித்ரா, முன்னால் பாட்டுப் புத்தகம், முகத்தில் அந்தச் சிரிப்பு. அந்தப் பாட்டு ஆரம்பித்ததும் தங்கச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். கீர்த்தனைக்குள் நுழைந்ததும் அவர் உதடு சத்தமில்லாமல் கூடவே அசைந்தது. அந்த இடம் வந்தது. மேடையில் சித்ரா, மிக மெல்ல, பூவைக் கிள்ளுவது போல ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போனார். தங்கச்சி என் கையைப் பிடித்து, ‘அண்ணே, அவங்களும் அங்கதாண்ணே எடுக்கிறாங்க’ என்றார். கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. கச்சேரி முடிந்து வெளியே வரும்வரை வேறு எதுவும் பேசவில்லை.

ரெக்கார்டு எத்தனை ஆயிரம் தடவை ஓடியும் அவருக்குக் காட்டாத ஒன்றை ஒரு ராத்திரி காட்டிவிட்டது, தம்பி. நீங்கள் கேட்ட அந்த மூச்சும் அப்படிப்பட்டதுதான். உங்கள் பாடகி அன்று உங்களுக்கு எதிரே நின்று உயிரோடு பாடினார். அந்த மூச்சில் குறை என்ன இருக்கிறது? நண்பர்களுக்கு இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். அடுத்த கச்சேரிக்கும் அவர்களையே கூட்டிப் போங்கள்.

கே: கச்சேரியை முழுசாக மொபைலில் எடுத்துவிடுவேன். வீட்டில் போட்டுப் பார்த்தால் சத்தம் கரகர என்கிறது. எப்படி எடுத்தால் நன்றாக வரும்?
– ஒரு வாசகர், ராமநாதபுரம்

ப: அவ்வளவு பெரிய சத்தத்தை மொபைலின் சின்ன மைக்கால் தாங்க முடியாது. அதனால்தான் கரகரப்பு. எப்படி எடுத்தாலும் கொஞ்சம் அப்படித்தான் வரும். ஒரே ஒரு பாட்டில், ஒரு நிமிடம் எடுங்கள், நினைவுக்கு அது போதும். தூக்கிப் பிடித்த உங்கள் கைக்குப் பின்னால், காசு சேர்த்து டிக்கெட் வாங்கி வந்த யாரோ ஒருவர் எம்பி எம்பிப் பார்த்துக்கொண்டிருப்பார். அவரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கே: என் நெருங்கிய தோழி கச்சேரியில் எல்லாப் பாட்டையும் கூடவே சத்தமாகப் பாடுகிறாள். சொன்னால் வருத்தப்படுவாளோ என்று தயங்குகிறேன். சினிமாப் பாட்டுக் கச்சேரியில் கூடப் பாடுவது தப்பா?
– ஒரு வாசகி, சேலம்

ப: தப்பே இல்லை. ஐயாயிரம் பேர் ஒரே வரியைச் சேர்ந்து பாடும்போது மேடையில் இருப்பவர்களுக்கு உடம்பு சிலிர்க்கும். நான் அனுபவித்திருக்கிறேன். எங்கள் கூட்டம் ஐநூறு பேர்தான், அதற்கே கை தானாகத் துள்ளும். பாடுகிறவர் மைக்கை நம் பக்கம் நீட்டினால் அது அழைப்பு. தொண்டை கிழியப் பாடலாம்.

ஆனால் வேறு வகைப் பாட்டுகளும் உண்டு. ‘ஒவ்வொரு பூக்களுமே’ மாதிரி ஒரு பாட்டு. 2004-இல் வந்த ‘ஆட்டோகிராஃப்’ படத்தில் பரத்வாஜ் இசையில் பா. விஜய் எழுதியது. பாடியதற்கு சித்ராவுக்கும் எழுதியதற்கு அவருக்கும் தேசிய விருது கிடைத்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள்வரை மனப்பாடமாகத் தெரிந்து வைத்திருக்கிற பாட்டு. அதன் பல்லவி கூட்டத்தோடு பாடினால் இனிக்கும். சரணம் தொடங்கும்போது அரங்கம் தானாகவே அமைதியாகிவிடும். அந்த அமைதியை உங்கள் தோழி கவனித்தால் போதும். அதற்கு எதிராகப் போக வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள்.

சொல்கிற விதம் முக்கியம். கச்சேரி நடுவில் ‘உஷ்’ என்று அடக்காதீர்கள், அது மனத்தில் தைக்கும். போகிற வழியில் பஸ்ஸிலேயே, ‘இந்த இந்தப் பாட்டுக்கு நாம பாடலாம், இந்த ரெண்டு பாட்டை மட்டும் அவங்க குரல்ல கேட்கணும்டி எனக்கு’ என்று சொல்லிவிடுங்கள். நெருங்கிய தோழி என்றால் அந்த இரண்டு பாட்டுக்கும் உங்களுக்கு முன்பே அவள் வாயை மூடிக்கொள்வாள்.

கே: மகளுக்கு 19 வயது. மூன்று தோழிகளோடு சென்னையில் மைதானத்தில் நடக்கும் இரவுக் கச்சேரிக்குப் போக அனுமதி கேட்கிறாள். அவளுக்குப் பிடித்த பாடகர். பயமாக இருக்கிறது. அனுப்பலாமா?
– ஒரு தந்தை, திண்டுக்கல்

ப: அனுப்புங்கள் ஐயா. உங்கள் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்களுக்கே ஒரு அனுபவம் உண்டு. சில வருடங்களுக்கு முன் திறந்தவெளியில் ஒரு பெரிய கச்சேரி. எண் போட்ட டிக்கெட் கையில் இருந்தது. உள்ளே போனால் எங்கள் நாற்காலிகளில் வேறு குடும்பம் உட்கார்ந்திருந்தது. அவர்கள் கையிலும் டிக்கெட் இருந்தது. கேட்பதற்கு ஏற்பாட்டாளர் தரப்பில் ஓர் ஆள் இல்லை. நுழைவாயில் பக்கம் கூட்டம் நெருக்க ஆரம்பித்ததும், மைக் செட் நண்பர் ‘வாங்க, வெளியே போயிடலாம்’ என்று ஒரே பிடியாகச் சொன்னார். நாலு பேரும் திரும்பிவிட்டோம். காசு போனது, பாட்டும் போனது. மற்ற மூன்று பேரும் பத்திரமாகப் பக்கத்தில் நடந்து வந்துகொண்டிருந்தார்கள். அன்றைக்கு எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அதிலிருந்து நாங்கள் செய்வதைச் சொல்கிறேன், மகளிடம் சொல்லுங்கள். சூரியன் மறைவதற்கு முன்பே உள்ளே போய்விட வேண்டும். உள்ளே போனதும் முதல் வேலை, வெளியே போகும் வழிகள் எத்தனை, எங்கே என்று பார்ப்பது. கச்சேரி முடிகிற நேரத்தில் ஆயிரக்கணக்கான பேர் ஒரே சமயத்தில் கூப்பிடுவதால் மொபைலில் லைன் கிடைக்காது. அதனால் பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்று மைதானத்துக்கு வெளியே ஓர் இடத்தை முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். ‘கேட் பக்கம்’ என்றால் உதவாது. இந்தக் கடை வாசல், இந்த பஸ் ஸ்டாப் என்று குறிப்பாக இருக்க வேண்டும். நெருக்கம் கூடுவதாக உடம்பு சொன்னால், பிடித்த பாட்டு நடந்துகொண்டிருந்தாலும் ஓரத்துக்கு நகர வேண்டும். நாலு பேரில் ஒருத்தி போகலாம் என்றால் நாலு பேரும் கிளம்ப வேண்டும். இதைத் தோழிகள் நாலு பேரும் ஒருவருக்கொருவர் வாக்காகக் கொடுத்துக்கொள்ளட்டும்.

நேரத்தைப் பற்றி உங்களுக்குக் கொஞ்சம் ஆறுதல் உண்டு. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, திறந்தவெளியில் இரவு 10 மணிக்குமேல் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. அரசு சில விழா நாட்களுக்கு மட்டும் தளர்வு கொடுக்கலாம். அதனால் மைதானக் கச்சேரிகள் பெரும்பாலும் பத்து மணியை ஒட்டி முடிந்துவிடும். சென்னையில் மெட்ரோ ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரத்தில் உள்ள இடம் என்றால், நந்தனம் மைதானம் மாதிரி, இன்னும் நல்லது. திரும்பும் டிக்கெட்டை வரும்போதே எடுத்துவிடச் சொல்லுங்கள். அன்று இரவே திண்டுக்கல் பஸ் ஏற வேண்டாம், யாராவது சொந்தக்காரர் வீட்டில் தங்கிக் காலையில் வரட்டும்.

காதுக்கும் ஒரு ஏற்பாடு வேண்டும். கச்சேரி இடங்களில் 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் ஓர் அளவு வகுத்தது. பாக்ஸுக்குப் பக்கத்தில் நின்றால் அதைத் தாண்டுவது சுலபம். மருந்துக்கடையில் ஸ்பாஞ்சு மாதிரி காதடைப்பான் கிடைக்கும், விலை கொஞ்சம்தான். பாட்டு கொஞ்சம் மங்கலாகக் கேட்கும், உறைப்பும் குறையும். டிரம்ஸுக்குப் பக்கத்தில் 22 வருடம் உட்கார்ந்த என் இடது காதில் இரவானால் ஒரு ரீங்காரம் கேட்கிறது. அது இனிப் போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தக் காலத்தில் இதை எங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. உங்கள் மகளுக்கு நான் சொல்கிறேன்.

கே: எஸ்.பி.பி. கச்சேரிக்குப் போக வேண்டும் என்று நண்பர்கள் நாங்கள் பத்து வருடம் பேசிக்கொண்டே இருந்தோம். போகவில்லை. இப்போது வேறு யார் கச்சேரிக்கும் போகப் பிடிக்கவில்லை.
– ஒரு வாசகர், நாகர்கோவில்

ப: 2020 செப்டம்பர் 25, பாலு சார் என்று நாங்கள் சொல்லும் எஸ்.பி.பி. மறைந்த நாள். அன்று எங்கள் பழைய குழுவில் ஒருவருக்கொருவர் போன் செய்து, ஒன்றும் பேசாமல் வைத்தோம். பாலு சாரின் பாட்டு இல்லாமல் நாங்கள் ஒரு மேடைகூட முடித்ததில்லை. அவர் குரலில்தான் எங்கள் வீடுகளில் அடுப்பு எரிந்தது. அதனால் உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது, அதை ஆற்ற என்னிடம் வார்த்தை இல்லை.

ஒன்று மட்டும் செய்யுங்கள். ஜூன் 4 அவர் பிறந்தநாள். அதை ஒட்டிப் பல ஊர்களில் மெல்லிசைக் குழுக்கள் அவர் பாட்டுகளை மட்டும் வைத்துக் கச்சேரி நடத்துகிறார்கள். அதே நண்பர்களோடு போய் உட்காருங்கள். பாடுகிறவர் பாலு சார் இல்லைதான். ஆனால் அந்தப் பாட்டில் எங்கே சிரிக்க வேண்டும், எங்கே குழைய வேண்டும் என்று 30 வருடம் அவரைக் கேட்டுக் கேட்டுப் பழகிய ஒருவர் அங்கே நிற்பார். அடுத்த கச்சேரிக்குப் போவதைப் பற்றி அதற்குப் பிறகு யோசியுங்கள். இப்போது பாடிக்கொண்டிருப்பவர்களில் உங்களுக்குப் பிடித்தவர் ஒருவராவது இருப்பார். அவர் விஷயத்தில் பத்து வருடம் பேச வேண்டாம்.

கே: நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். தபேலா கற்றுக்கொள்கிறேன். தபேலா வகுப்பு நண்பர்கள் மூன்று பேரும் நானும் முதல் தடவை பெரிய கச்சேரிக்குப் போகிறோம். என்ன கவனிக்க வேண்டும்?
– ஒரு மாணவர், புதுக்கோட்டை

ப: கண்ணா, இந்தக் கேள்விக்காகக் காத்துக்கொண்டிருந்தேன்.

எல்லோரும் பாடுகிறவரைப் பார்ப்பார்கள், நீயும் பார். ஆனால் ஒரு பாட்டு முடிந்து கைதட்டல் கேட்கும்போது தபேலாக்காரர் பக்கம் திரும்பிவிடு. அந்த அரை நிமிடத்தில்தான் அவருக்கு நிறைய வேலை. நம் பாட்டுகளுக்கு ஒரே சுருதி கிடையாது. கர்நாடக சங்கீதத்தில் ஆண் குரல் பெரும்பாலும் ஒன்று, இரண்டு கட்டையில் நிற்கும், பெண் குரல் ஐந்து, ஐந்தரைக்குப் போகும். சினிமாப் பாட்டில் அந்த ஒழுங்குகூட இல்லை. பாட்டுக்குப் பாட்டு மாறும். ஒரே தபேலாவைச் சுத்தியலால் தட்டித் தட்டி அவ்வளவு தூரம் ஏற்றி இறக்க முடியாது. அதனால் வலது கைத் தபேலாவில் மட்டும் நாலைந்து, வெவ்வேறு சுருதியில் சேர்த்து, கைக்கு எட்டும்படி அடுக்கி வைத்திருப்பார். வாய் அகலமானது கீழ்ச் சுருதிக்கு, குறுகலானது மேல் சுருதிக்கு. எடுத்ததும் விளிம்பில் இரண்டு தட்டு தட்டி, காதை அருகே கொண்டுபோவார் பார். அத்தனை இரைச்சலில் அந்த ஒரு நாதத்தை மட்டும் பிரித்துக் கேட்கிறார். அது பல வருடச் சாதகம்.

தோல் எப்படி நடந்துகொள்கிறது என்றும் கவனி. மார்கழிப் பனியில் திறந்தவெளி மேடை என்றால் தோல் ஈரம் வாங்கி இறங்கிவிடும். விளக்கின் சூடு பட்டால் ஏறிவிடும். மாரியம்மன் கோயில் கச்சேரி ஒன்றில், ஒரே இரவில் நான் 40 தடவைக்குமேல் சுருதி சேர்த்திருக்கிறேன். பக்கத்தில் பூக்குழிக்கு மூட்டிய நெருப்பின் சூடு ஒரு பக்கம், வயல் காற்று ஒரு பக்கம்.

உங்கள் நாலு பேருக்கும் ஒரு விளையாட்டு சொல்கிறேன். நாங்களும் சென்னையில் இதை விளையாடினோம். ஒரு பாட்டு முடிந்ததும் தபேலாக்காரர் எந்தத் தபேலாவை எடுக்கிறார் என்று பாருங்கள். பெரியதா, சின்னதா? கூடவே டோலக்காரர் தயாராகிறாரா, சும்மா உட்கார்ந்திருக்கிறாரா? அதை வைத்தே அடுத்து வருவது என்ன பாட்டு என்று ஊகிக்க வேண்டும். அறிவிப்பு வருவதற்கு முன் சொல்லிவிட வேண்டும். எங்களில் கீபோர்டு நண்பர் ஏழு பாட்டுச் சரியாகச் சொன்னார். எனக்கு ஐந்து. தங்கச்சி மூன்று சொல்லிவிட்டு, ‘பாட்டைக் கேட்க விடுங்கண்ணே’ என்று விளையாட்டை நிறுத்திவிட்டார்.

போய் வந்ததும் எனக்கு எழுது. அவர் பக்கத்தில் எத்தனை தபேலா இருந்தது, உனக்கு எத்தனை பாட்டுச் சரியாக வந்தது, இரண்டையும் எழுது.